நிரல் உறைந்துவிட்டதா? மூடுவதற்கு முன் ஒரு படி எடுங்கள்!

மாணவர்களே, திட்டப்பணியை மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? நிரலை மூடிவிட்டு மறுபடியும் திறப்பீர்கள். சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால், அது ஏன் உறைந்தது என்பதற்கான தடயமும் அந்த நொடியே மறைந்துவிடும்.

காரணம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தனக்குத் தேவையான தரவுகளை 'ரேம்' எனும் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். நிரலை மூடியதும் கணினி அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் மென்பொருள் பொறியாளர்கள், மூடுவதற்கு முன்பே நினைவகத்தில் உள்ளவற்றை ஒரு கோப்பாகப் படியெடுக்கிறார்கள். இதன் பெயர் 'கோர் டம்ப்'.

பெயர் வந்த கதை

1950களிலிருந்து 1970கள் வரை பல கணினிகளின் நினைவகம், சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையம் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்பதைச் சேமிக்கும். அந்த வளையமே 'கோர்'. நிரல் பழுதானால், வளையங்களில் இருந்ததைத் தாளில் அச்சிட்டுப் பிழையைத் தேடினார்கள். வளையங்கள் மறைந்தன, பெயர் நிலைத்துவிட்டது.

ஓடும்போதே எடுக்கலாம்

நிரல் செயலிழக்கும்போது கணினி தானாகவே கோர் டம்ப் எடுப்பதுண்டு. ஓடும் நிரலிலிருந்தும் எடுக்கலாம். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. அது 4321 என்றால், 'ஜிகோர் 4321' என்று கட்டளையிட வேண்டும். நிரல் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்படும். நினைவகத்தில் உள்ளவையும், நிரல் எந்தக் கட்டளையில் நின்றது என்ற விவரமும் கோப்பில் எழுதப்படும். பிறகு நிரல் விட்ட இடத்திலிருந்தே தொடரும். நிறுத்த முடியாத சேவைகளுக்கு இது பேருதவி. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலும் இந்த வசதி உண்டு.

கோப்பு சொல்லும் உண்மை

வடிவியல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவரிடம் அடிக்கோல் இருக்கிறது. அவர் கவராயத்துக்குக் காத்திருக்கிறார். கவராயம் வைத்திருப்பவரோ அடிக்கோலுக்குக் காத்திருக்கிறார். கையில் இருப்பதை இருவரும் விடமாட்டார்கள். பாடவேளை முடிந்தாலும் படம் முடியாது! நிரலின் இரு பகுதிகள் இப்படிக் காத்திருந்தால் அதை 'டெட்லாக்' என்பர். வெளியிலிருந்து பார்த்தால் உறைந்த திரை மட்டுமே தெரியும். கோர் டம்ப்பைப் பிழைதிருத்தியில் திறந்தால், எந்தப் பகுதி எதற்காகக் காத்திருந்தது என்பது வரிசையாகத் தெரியும்.

ஆனால், ஒரு படி ஒரு கணத்தை மட்டுமே காட்டும். எனவே சில நொடி இடைவெளியில் இரண்டு படிகள் எடுப்பது நல்லது. இரண்டிலும் நிரல் அதே இடத்தில் நின்றால், அது மெதுவாக ஓடவில்லை, சிக்கிக்கொண்டது என்று சந்தேகிக்கலாம்.

எச்சரிக்கை!

நினைவகத்தில் இருப்பதெல்லாம் கோப்பிலும் இருக்கலாம்: நீங்கள் தட்டச்சு செய்த கடவுச்சொல், நண்பருக்கு எழுதிய செய்தி உட்பட. அதனால் கோர் டம்ப் கோப்பை முன்பின் அறியாதவருக்கு அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அடுத்த முறை நீங்கள் எழுதிய நிரல் உறைந்தால், உடனே மூடிவிடாதீர்கள். அறிவியல் கூடத்தில் சோதனை தவறினால் முதலில் என்ன செய்வோம்? கருவிகளைக் கழுவுவதற்கு முன் கண்டதைக் குறித்துக்கொள்வோம் அல்லவா? கணினிக்கும் அதே விதிதான்.