இருநூறு மணிக்கு அப்புறம்

போன பொங்கலுக்குக் கல்லாவி போயிருந்தபோது அக்கா பையன் நீளமான ஒரு அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அவனுடைய லாக் புக். ஒவ்வொரு வரியிலும் தேதி, விமானத்தின் பதிவெண், எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், பக்கத்தில் யார். கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை 203 மணி நேரம் சொச்சம். இந்தப் புத்தகத்துக்காகத்தான் மாந்தோப்பில் பாதி அடமானத்தில் இருக்கிறது.

"மாமா, இன்னும் முந்நூறு மணி ஏத்திக்கிட்டா ஏர்லைன்ல சுலபமா எடுத்துக்குவாங்களாம். வெளிநாட்டுல பேக்கேஜ் இருக்குன்னு ஏஜெண்ட் சொல்றார்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. பேச்சு மீதித் தோப்பைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நான் விமானி இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் எதையும் விதிப் புத்தகத்திலிருந்து படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. அன்றைக்கு "பாத்துச் சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டு வந்தவன், இரண்டு மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து படித்ததன் குறிப்பு இது.

முதலில் 200 என்ற எண். வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல். வாங்க டி.ஜி.சி.ஏ. கேட்பது மொத்தம் 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரமாவது பொறுப்பு விமானியாக, அதாவது பயிற்றுநர் இல்லாமல் முடிவெல்லாம் தானே எடுத்து ஓட்டியிருக்க வேண்டும். இரவுப் பறப்புக்கும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கும் தனித்தனிக் கணக்கு. 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணமும் உண்டு, வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். 300 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 555 கிலோமீட்டர். கல்லாவியிலிருந்து சாலை வழியாகச் சென்னை போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது.

அடுத்த எண் 1500. பெரிய விமானத்தில் கேப்டனாக உட்கார ஏ.டி.பி.எல். உரிமம் வேண்டும், அதற்கு 1500 மணி. நடுவில் இருக்கும் 1300 மணியைக் கைக்காசு போட்டு வாங்குவதென்றால்? சின்னப் பயிற்சி விமானத்துக்கு மணிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1 கோடியே 95 லட்சம். எந்தத் தோப்பும் தாங்காது. அதனால் உலகம் முழுக்க இந்த இடைவெளியை யாராவது சம்பளம் கொடுத்துத்தான் நிரப்புகிறார்கள். அது யார் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

அமெரிக்காவில் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி வேண்டும். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் விமானப் படிப்பு படித்தவர்களுக்கும் சலுகை உண்டு: 750, 1000, 1250 என்று. இந்த விதிக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று நெவார்க்கிலிருந்து கிளம்பிய கோல்கன் ஏர் விமானம் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கப் போகிறது என்று எச்சரிக்கை வந்தபோது, மூக்கைக் கீழே தள்ள வேண்டிய கேப்டன் மேலே இழுத்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி 2010ல் சட்டம் வந்தது, 2013ல் அது அமலுக்கு வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த விமானத்தின் இரண்டு பேரிடமுமே 2000 மணிக்கு மேல் இருந்தது. அதாவது இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் அந்த இரண்டு பேரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பிழை எண்ணிக்கையில் இல்லை, பயிற்சியில் இருந்தது. ஆனால் சட்டத்தில் எழுதுவதற்கு எண் சுலபம்.

சரி, அங்கே ஒருவர் 1500ஐ எப்படி எட்டுகிறார்? பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து. பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோய் விடுவது, விளம்பரத் துணியை வாலில் கட்டி இழுப்பது, எண்ணெய்க் குழாய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டே பறப்பது, வயலுக்கு மருந்தடிப்பது என்று சில்லறை வேலைகளும் நிறைய. நம்மிடம் இந்த நடுப்படிகள் அனேகமாக இல்லை. மருந்தடிப்பதெல்லாம் இப்போ ட்ரோன் கைக்குப் போய்விட்டது.

அதற்குப் பதில் நம் விதி ஐரோப்பா மாதிரி. 200 மணி, பல இன்ஜின் மற்றும் கருவிப் பறப்புத் தகுதி, குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங். இவை இருந்தால் நேராக ஏர்பஸ் ஏ320ன் வலது இருக்கை. மீதி 1300 மணியை விமான நிறுவனமே சம்பளத்தோடு ஏற்றிவிடும். சிக்கல், அந்த வாசல் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2012ல் கிங்ஃபிஷர், 2019ல் ஜெட் ஏர்வேஸ், 2023ல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொன்றும் நின்றபோது ஆயிரக்கணக்கில் மணி வைத்திருந்தவர்கள் அதே வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு எதிரே 203ம் ஒன்றுதான், 503ம் ஒன்றுதான்.

இங்கேதான் ஏஜெண்டின் கணக்கு எனக்கு உதைத்தது. வெளிநாட்டில் செஸ்னா 152 மாதிரி ஒரு குட்டி விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து ஓட்டி ஓட்டி மணி சேர்ப்பது வழக்கமான விஷயம்தான். அமெரிக்க விதியில் ஒரு வேடிக்கை கூட உண்டு: ஒருவர் வெளியே தெரியாமல் கண்மறைப்பு மாட்டிக்கொண்டு கருவியைப் பார்த்து ஓட்ட, இன்னொருவர் காவலுக்கு வெளியே பார்த்தால், ஒரே மணியை இரண்டு பேரும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நல்ல வெயிலில் ஒற்றை இன்ஜின் விமானத்தில் 300 மணி சுற்றியது, ஜெட் விமான சிமுலேட்டர் தேர்வில் எவ்வளவு உதவும்? என் தொழிலில் சொன்னால், பாஸ் ஆன ஒரே டெஸ்ட்டை முந்நூறு தடவை ஓட்டிவிட்டு ரிப்போர்ட்டில் 300 என்று காட்டுவது மாதிரி.

எண்ணுக்கே மதிப்பு என்று ஆனபின் எண்ணை மட்டும் தயாரிக்க ஆள் வருவார்கள் என்பதும் பழைய கதை. 2011ல் ராஜஸ்தானில் பறக்காத மணிகளை எழுதிக் கொடுத்த வழக்கில் ஊழல் தடுப்புத் துறை கைதே செய்தது. விமானிகளிடம் இதற்கு ஒரு கேலி உண்டு: 'பி-51 மணி'. பி-51 என்பது இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானம், கூடவே பார்க்கர் 51 என்கிற பேனாவும்.

இனி அவன் லாக் புக்குக்கு வருகிறேன். எல்லா வரிகளையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். மொத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பறப்புகளுக்கு நடுவில் உள்ள நாட்கள்தான். விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை, மழை என்று பதினெட்டு மாதத்தில் முடிய வேண்டிய பயிற்சி மூன்று வருஷம் இழுத்திருக்கிறது. (பள்ளியின் பெயர் வேண்டாம்.) நாற்பது நாள், ஐம்பது நாள் இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளிக்குப் பின்னும் முதல் நாலைந்து வரிகள் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கியதே. மறந்ததை மறுபடி பிடிக்கச் செலவான மணிகள் அவை. கடைசிக் கருவிப் பறப்பு பதினான்கு மாதத்துக்கு முன்னால்; வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய அந்தத் தகுதியும் போய்விட்டது.

போனில் சொன்னேன்: "டேய், உன்கிட்ட குறையறது முந்நூறு மணி இல்ல. கை துரு பிடிச்சிருக்கு." கருவித் தகுதியை முதலில் புதுப்பி, நேர்முகத்துக்கு முன் சிமுலேட்டரில் பத்துப் பதினைந்து மணி போடு என்றேன். வேலை உறுதி இல்லாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுக்காதே என்றும் சொன்னேன். ஏ320க்கு எடுத்து வைத்து, ஏ.டி.ஆர்.காரர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது? அதற்கும் காலாவதி உண்டு. வெளிநாடு போயே தீருவேன் என்றால், அங்கே எழுதும் மணியை டி.ஜி.சி.ஏ. எப்படி எண்ணும் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்.

ஏர்பஸ் ஒன்றையே பார்க்கவும் வேண்டாம். சேலத்துக்கு வருவது ஏ.டி.ஆர். விமானம்தான். ஒடிசாவில் இந்தியாஒன் ஏர் செஸ்னா கேரவன் ஓட்டுகிறது. வாடகை விமான நிறுவனங்களில் கிங் ஏரின் வலது இருக்கையும் அவ்வப்போது காலியாகும். சம்பளம் குறைவுதான், ஆனால் மழையிலும் மேகத்திலும் நிஜமான பயணிகளோடு ஏறும் மணிகள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மேல் பயிற்றுநர் வேலை. இங்கே அதற்கு இரண்டு படி: முதலில் உதவிப் பயிற்றுநர், பிறகு பயிற்றுநர். மாணவன் ஒவ்வொரு நாளும் புதுசாக ஒரு தப்புச் செய்வான், அதை விழாமல் திருத்த வேண்டும். கோல்கன் கேப்டன் கோட்டைவிட்ட அந்த மூக்கைத் தள்ளும் காரியத்தைப் பயிற்றுநர் வாரத்துக்குப் பல தடவை செய்கிறார். பயிற்றுநர் பஞ்சம் இருப்பதை இவனுடைய லாக் புக்கே சொல்கிறதே. நமக்குப் பக்கத்திலேயே சேலம், பெங்களூரு ஜக்கூர் என்று பயிற்சி நடக்கும் இடங்கள் இருக்கின்றன. ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம் சொந்த ஓடுபாதையே வைத்திருக்கிறது. என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானங்களைக் கட்டியது அவர்கள்தான். 2024ல் ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவித்ததிலிருந்து ஊரில் எல்லோரும் நில விலையைத்தான் பேசுகிறார்கள், இதை யாரும் பேசக் காணோம்.

"கத்துக்கவே இவ்ளோ வருஷம் ஆச்சு, நான் போய் கத்துக்குடுக்கறதா மாமா?" என்றான். வெட்கம் அவனுக்கு. நண்பர்கள் நாலு கோடு போட்ட சட்டையைப் பற்றிப் பேசும்போது இவன் ஓடுபாதையைச் சுற்றுவதா என்று.

போன மாதம் கருவித் தகுதித் தேர்வு முடித்துவிட்டான். உதவிப் பயிற்றுநர் தேர்வுக்கான புத்தகங்கள் வாங்கியாயிற்று. மீதித் தோப்பு இந்த வருஷமும் அக்கா பேரில்தான் இருக்கிறது. ஏஜெண்ட் இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாராம்.