தளம் என்பது ஒரு ஃபோல்டர்

வலைத்தளம் கட்டுவது என்றாலே நிரல் தெரிந்தவர்கள் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உலகின் முதல் பிரவுசர் அப்படி யாரையும் ஒதுக்கவில்லை. 1990-இல் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய அந்த மென்பொருளில், படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை அங்கேயே திருத்தலாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து இன்னொரு பக்கத்தோடு இணைக்கலாம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டுமே ஓடியது. உலகமெங்கும் போய்ச் சேர்ந்தவை மொசைக் போல, படிப்பதற்கென்றே அமைந்த பிரவுசர்கள். வாசகர்கள் பெருகினார்கள், எழுதும் வசதி கழன்றுபோயிற்று.

அதை மீட்டுக் கொடுத்தவைதான் வலை வடிவமைப்பு மென்பொருள்கள். வெர்மீர் என்ற சிறு நிறுவனம் செய்து, 1996-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட ஃபிரண்ட்பேஜ் முதலில் பெயரெடுத்தது. 1997 கடைசியில் மேக்ரோமீடியா கொண்டுவந்த டிரீம்வீவர், பின்பு அடோபியின் கைக்குப் போய் இன்றும் இருக்கிறது. நாம் கையால் எழுதிய நிரலை ஃபிரண்ட்பேஜ் தன் போக்கில் மாற்றி எழுதிவிடும். டிரீம்வீவர் அதைத் தொடாமல் விட்டது. அதனாலேயே நிரல் எழுதுபவர்களும் அதை நம்பினார்கள்.

டிரீம்வீவரில் திரையை இரண்டாகப் பிரித்துவைக்கலாம். ஒரு பாதியில் பக்கம், மறு பாதியில் அதன் எச்டிஎம்எல் நிரல். பக்கத்தில் ஒரு வரியைத் தலைப்பாக்கினால், மறுபாதியில் அந்த வரியின் இரு முனையிலும் கோணக் குறிகளுக்குள் 'எச்1' வந்து உட்காரும். படம் சேர்த்தால், படக்கோப்பின் பெயரைத் தாங்கிய ஒரு வரி முளைக்கும். புதிதாகக் கற்பவர்கள் இந்த மறுபாதியை மூடிவைக்கவே கூடாது என்பேன். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாலே பக்கம் என்பது வெறும் எழுத்துக்கோப்பு என்பது பிடிபட்டுவிடும்.

உங்கள் ஊர் நூலகத்துக்கு நான்கு பக்கத் தளம் ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை, புதிதாக ஒரு ஃபோல்டர். அதுதான் தளம். பக்கங்கள், படங்கள், நிறமும் எழுத்தளவும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கவேண்டும். முகப்புப் பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். முகவரியை மட்டும் தட்டி வருபவருக்கு, தளத்தை வைத்திருக்கும் சர்வர் வழக்கமாக எடுத்துக்கொடுப்பது அந்தக் கோப்பைத்தான்.

படம் டெஸ்க்டாப்பிலேயே கிடக்க, பக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டால், நிரலில் உங்கள் சி டிரைவின் முகவரி பதிந்துவிடும். உங்களுக்குப் படம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இன்னொன்று, ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸில் ஓடும் சர்வருக்கு அவை வேறு வேறு கோப்புகள். வீட்டில் ஒழுங்காக வந்த படம் இணையத்தில் காணாமல் போனால், முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொரு கவனமும் தேவை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கும். இது யுடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி சொல்லாவிட்டால், பிரவுசர் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படிக்க நேரலாம். அப்போது 'நூலகம்' இருந்த இடத்தில், மேலே கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வரும். மென்பொருளின் புதிய பதிப்புகள் இந்த வரியைத் தாமே எழுதிவிடுகின்றன. இந்த முறை பரவாத 1990-களில் தமிழ்த் தளங்கள் பலவற்றைப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சலோடு தமிழை இணையத்தில் ஏற்றிய சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி போன்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஃபோல்டர் தயார் என்றால், வெளியிடுவது சின்ன வேலைதான். எப்போதும் அணையாமல், இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினிக்கு அதை நகலெடுக்க வேண்டும். அந்தக் கணினிதான் சர்வர். பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியில், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. யாராவது அணைத்திருந்தால் உலகின் முதல் வலைத்தளம் அந்த நேரத்துக்கு இல்லாமல் போயிருக்கும். இன்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் அந்த இடத்தை வாடகைக்குத் தருகின்றன. நம்முடையது போன்ற எளிய தளத்துக்கு கிட்ஹப் பேஜஸ் இலவசமாகவே தருகிறது. தளத்துக்கென்று சொந்த முகவரியான டொமைன் பெயருக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம் உண்டு. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இருக்கின்றன.

வாடகை இடத்துக்கு நகலெடுக்கும் வழக்கமான வழி எஃப்டிபி. இணையப் பக்கங்களுக்கும் மூத்த இந்த முறையை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். பழைய எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும் என்பதால், மென்பொருள் கேட்கும்போது எஸ்எஃப்டிபி என்பதையே தேர்ந்தெடுங்கள். சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் மென்பொருளில் ஒருமுறை கொடுத்துவைத்தால் போதும். பிறகு ஒரே பொத்தான்.

திருத்தம் எதுவானாலும் வீட்டு ஃபோல்டரில் செய்துவிட்டு மேலே அனுப்புங்கள். சர்வரில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். லட்சக்கணக்கானோர் இலவசமாகத் தளம் கட்டியிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியபோது, வீட்டில் பிரதி வைத்திருந்தவர்கள் அதே கோப்புகளை வேறொரு சர்வரில் ஏற்ற முடிந்தது.