வீடு திரும்பும் முன் துணைக்கு இருப்பவர் கற்க வேண்டியவை

புதுவையின் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் இது. புதுவையிலிருந்து மட்டுமன்றி, கடலூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலிழந்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்கள் ஆகியோரும் அவர்களுள் உண்டு. உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியதும் இவர்களுக்கு வேண்டியது மறுவாழ்வுச் சிகிச்சை. அதற்கென மருத்துவத்தில் தனித் துறையே இருக்கிறது; ஜிப்மரிலும் இருக்கிறது.

நம் மருத்துவமனைகளில் துணைக்கு இருப்பவரின் வேலை என்ன? மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும், பிளாஸ்கில் காப்பி வாங்கி வருவதும் என்றே பலரும் எண்ணுகிறோம். மறுவாழ்வுச் சிகிச்சையில் அவர் ஒரு மாணவர். வீட்டில் இரவு 2 மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறவர் நர்ஸ் அல்லர். மனைவியோ, மகளோ, மருமகளோதான். அந்த வேலையை வார்டில் இருக்கும் நாட்களிலேயே தம் கையால் செய்து பழகியாக வேண்டும். பல குடும்பங்களில், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வெளியூர் மகன் விடுப்பெடுத்து வருகிறான். பராமரிக்கப் போகும் மருமகள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். இது தலைகீழான ஏற்பாடு.

முதற் பாடம் தோலைப் பற்றியது. மல்லாந்து படுத்திருப்பவரின் எடை, பிடரி, தோள்பட்டை எலும்பு, வால் எலும்பின் மேற்பகுதி, குதிகால் ஆகிய சில இடங்களிலேயே பெரும்பாலும் தாங்குகிறது. தோலுக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுவரும் தந்துகிகளில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 30 மி.மீ. பாதரச அளவுதான். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் தோலில் அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு ஏறக்கூடும். அப்போது இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. நமக்கு அந்த இடம் மரத்தோ வலித்தோ போவதால், தூக்கத்திலும் அறியாமலே புரண்டு படுக்கிறோம். தண்டுவடம் அறுபட்டவருக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. சில மணி நேரத்தில் திசுக்கள் சாகத் தொடங்கி, படுக்கைப் புண் உண்டாகிறது. பல மாதச் சிகிச்சையின் பலனை ஒரு வாரக் கவனக்குறைவு அழித்துவிடும். புண் எலும்புவரை சென்று உயிரையும் பறிக்கலாம்.

முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், இரவும் பகலும் 2 மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டும் முறையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார். விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி அவர் பலரைப் பிழைக்க வைத்தார்.

தோல் சிவக்கிறதா என்று பார்க்கும்படி புத்தகங்கள் சொல்லும். அது வெள்ளைக்காரர் தோலுக்குப் பொருந்தும். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. நலிந்த திசு மேலும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் உதவாது. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது.

பக்கவாத நோயாளிக்கு உணவூட்டுவதும் கற்றுச் செய்ய வேண்டியதே. விழுங்கும் தசைகள் வலுவிழந்திருந்தால், கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் மூச்சுக்குழலுக்குள் எளிதில் புகும். படுத்திருப்பவரின் வாயில் அன்போடு ஊற்றும் ஒரு வாய் காப்பி நிமோனியாவில் முடியலாம். அவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும் தவறு. தசைகளின் பிடிப்புத் தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பில் பட்டை கட்டி, அதைப் பிடித்தே எழுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம், உதவாமல் இருக்கக் கற்பது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் எட்வர்ட் டௌப் குரங்குகளின் ஒரு கையிலிருந்து உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் துண்டித்தார். கையை அசைக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆயினும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப் போட்டதும், கைவிட்ட கையால் உணவை எடுக்க முயன்றது! முதலில் முயன்று தோற்றதால் ‘இந்தக் கை உதவாது’ என்று அது பழகிக்கொண்டது என்பது டௌப் தந்த விளக்கம். பக்கவாதம் வந்த மனிதரிடமும் இது நிகழ்கிறது. சட்டைப் பொத்தானை மனைவியே போட்டுவிட்டால் காரியம் 1 நிமிடத்தில் முடியும்; அவரே போட்டால் 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடமும் மூளைக்குப் பயிற்சி. மாமியாரோ அக்கம்பக்கத்தாரோ ‘இரக்கமில்லாதவள்’ என்று பேசினாலும் பேசட்டும்.

இத்துறையை நம் நாட்டில் வளர்த்தவர்களுள் முன்னோடி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. குடும்பத்தாரும் உடன் தங்கிப் பராமரிப்பைக் கற்பது அங்குள்ள வழக்கம்.

தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர் தானாகக் கழியாமல் போவதுண்டு. சில மணிக்கொரு முறை மெல்லிய குழாயைச் செலுத்தி அதை வெளியேற்ற வேண்டும். முற்றும் கிருமி நீக்கிய சூழலில்தான் இதைச் செய்யலாம் என்று ஒருகாலத்தில் கருதினர். சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர் காட்டினார். அதனால் நோயாளி தாமே இதைச் செய்துகொள்ள வழி பிறந்தது. கை இயங்காதவருக்குத் தாயோ மனைவியோ செய்யலாம்.

இனி வீட்டை அளக்க வேண்டும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. வாசலில் அரையடிப் படிகள் 3 இருந்தால் 18 அடிச் சரிவு வேண்டும்! நெருக்கமான தெருவில் அதற்கு ஏது இடம்? பின்கட்டு வழியையோ, தாழ்வான வாசலுள்ள உறவினர் வீட்டையோ யோசிக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 26 அங்குலம். பல வீடுகளில் குளியலறைக் கதவு 24 அங்குலமே. கட்டிலின் உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வது எளிது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து யாராலும் எழ முடியாது.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, வீடு திரும்பும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே பயிற்சியாளரிடம் காட்டுவது நல்லது. சில மருத்துவமனைகளில் இறுதியாக அனுப்புமுன் ஓரிரு நாள் வீட்டில் தங்கிவரச் சொல்வதுண்டு. அப்போது தடுமாறிய இடங்களைக் குறித்து வந்தால், அவற்றை வார்டில் மறுபடி செய்து பழகலாம்.