ஏழு தந்தி மின்கித்தாரில் பிக்கப் மாற்றம்

பிக்கப் என்பது மின்கித்தார் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள் ஆகும். கித்தாருடன் வந்த பிக்கப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது புரோகிரசிவ் மெட்டல் கலைஞர்களிடையே பரவலான வழக்கம். ஏழு தந்திக் கித்தாருக்கு ஏற்ற பிக்கப்கள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்படுகின்றன. மதுரை போன்ற நகரங்களில் இருப்போர் அவற்றை வாசித்துப் பார்த்து வாங்குவது அரிது. தவறான அளவில் வாங்கினால் பணமும் சுங்க வரியும் வீணாகும். அதைப் பொருத்துவதற்காக மரத்தைக் குடைந்துவிட்டால் கித்தாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எனவே வாங்கும் முன் சில அடிப்படைகளை அறிந்திருப்பது அவசியம்.

ஏழாவது தந்தியின் வரலாறு

வழக்கமான ஆறு தந்திக் கித்தாரின் மிகத் தாழ்ந்த சுரம் 'இ'. அதன் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழாவது தந்தி அதற்கும் கீழே 'பி' சுரத்தில், ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸில் அமைகிறது. 1930களிலேயே ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் ஏழு தந்திக் கித்தாரை வாசித்தார். ராக் இசையில் இதைப் பரவலாக்கியது 1990இல் ஐபனீஸ் நிறுவனம் ஸ்டீவ் வாயுடன் இணைந்து வெளியிட்ட 'யுனிவர்ஸ்' கித்தார். அதில் டிமார்சியோ நிறுவனத்தின் 'பிளேஸ்' பிக்கப்கள் இருந்தன. டிரீம் தியேட்டர் குழு 1994இல் வெளியிட்ட 'அவேக்', மெஷுகா குழு 1995இல் வெளியிட்ட 'டெஸ்ட்ராய் இரேஸ் இம்ப்ரூவ்' ஆகிய தொகுப்புகள் இக்கருவியைப் புரோகிரசிவ் மெட்டலில் நிலைநிறுத்தின. இந்தியாவில் இவ்வகை இசைக்கு அறியப்பட்ட குழுக்களுள் ஒன்று, 2012இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ஸ்கைஹார்பர்.

பிக்கப் செயல்படும் விதம்

காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய எனாமல் பூசிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளில் காணப்படும் கம்பியும் இதே வகைதான். ஆனால் பிக்கப் கம்பி அதைவிடப் பன்மடங்கு மெல்லியது, தலைமுடியின் தடிமனை ஒத்தது. மேலே உள்ள எஃகுத் தந்தி காந்தமேற்று அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது.

தந்தி காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமாக இருந்தால்தான் இது நடக்கும். வீணையிலும் தந்திகள் ஏழு: வாசிப்பதற்குச் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என நான்கு, தாளத்திற்கு மூன்று. வீணையில் பித்தளைத் தந்தி கட்டியிருந்தால் காந்தப் பிக்கப் எஃகுத் தந்தியை எடுத்துக்கொள்ளும். பித்தளைத் தந்தியின் ஒலியோ ஏறக்குறைய கேட்காமலே போகும்.

தாழ்ந்த சுரம் கலங்குவதன் காரணம்

மெட்டல் இசையில் சமிக்ஞை கடுமையான டிஸ்டார்ஷனுக்கு உட்படுத்தப்படுகிறது. இரண்டு சுரங்கள் ஒன்றாக அதில் நுழையும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஏழாவது தந்தியின் 'பி' (62 ஹெர்ட்ஸ்), அதன் பஞ்சமம் (93 ஹெர்ட்ஸ்) ஆகிய இரண்டையும் சேர்த்து மீட்டினால், கழித்தலில் 31 ஹெர்ட்ஸ் ஒலி உருவாகும். இது மூலச் சுரத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ளது. பாஸ் கித்தார், டிரம் ஆகியவற்றுடன் சேரும்போது இவ்வொலி குழப்பமாகவே கேட்கும். வேகமான, ஒற்றைப்படைத் தாளங்களில் ஒவ்வொரு மீட்டலும் தனித்து ஒலிக்க வேண்டிய இசையில் இது பெரிய குறை.

ஆகவே பிரிட்ஜ் அருகே பொருத்தப்படும் பிக்கப்பில் தாழ்வொலி மிகாமல், நடுத்தர அதிர்வெண்கள் தெளிவாக இருப்பதே விரும்பப்படுகிறது. கழுத்துப் பக்கத்தில் தந்தியின் அடிப்படை அதிர்வு வலுவாக இருப்பதால், அங்கு மென்மையான, வெளியீடு குறைந்த பிக்கப்பே பெரும்பாலும் பொருந்தும்.

காந்தமும் சுருளும்

செராமிக் காந்தம் பொதுவாகக் கூர்மையான, இறுக்கமான ஒலியையும், அல்னிகோ 5 காந்தம் சற்று இளகிய, விரல் அழுத்தத்திற்கு இசைந்துகொடுக்கும் ஒலியையும் தருவதாகக் கருதப்படுகிறது. எனினும் காந்தத்தை மட்டும் வைத்து ஒலியை முடிவு செய்ய இயலாது. சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன், சுருளின் வடிவம் ஆகியவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

விளம்பரங்களில் காணப்படும் கிலோ ஓம் மின்தடை எண்ணை வலிமையின் அளவாகக் கொள்வது பொதுவான பிழை. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை கூடிவிடும். சுற்றுகள் அதிகரித்தால் வெளியீடு உயரும். ஆனால் சுருளின் தூண்டல் கூடி உச்ச அதிர்வெண்கள் மங்கும். இன்றைய ஆம்ப்ளிஃபையர்களிலும் கணினி மென்பொருள்களிலும் கெயினுக்குக் குறைவில்லை. எனவே மிகை வெளியீட்டைவிடத் தெளிவே தேடத்தக்கது.

பாசிவ், ஆக்டிவ் வகைகள்

பாசிவ் பிக்கப்பிற்கு மின்கலம் தேவையில்லை. ஆக்டிவ் பிக்கப்பில் உள்ளேயே சிறு பெருக்கி இருக்கும். அதற்கு 9 வோல்ட் மின்கலம் வேண்டும். இஎம்ஜி நிறுவனத்தின் 707, 81-7 ஆகியவை ஏழு தந்திக்கான பழகிய ஆக்டிவ் வகைகள். ஃபிஷ்மன் நிறுவனத்தின் 'ஃபுளூயன்ஸ்' வகையில் கம்பிச் சுருளுக்குப் பதில் அச்சிட்ட மின்சுற்றுத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. பாசிவ் வகையில் சீமோர் டங்கனின் 'நாஸ்கூல்', 'சென்டியன்ட்' இணையும், பெரிபெரி குழுவின் மிஷா மன்சூருக்காக பேர் நக்கிள் உருவாக்கிய 'ஜகர்நாட்' பிக்கப்பும் இவ்வகை இசைக்கெனவே வந்தவை.

பாசிவிலிருந்து ஆக்டிவுக்கு மாறினால் பிக்கப் மட்டும் போதாது. பாசிவ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் கட்டுப்பாடு வழக்கம். பல ஆக்டிவ் வகைகளுக்கு 25 கிலோ ஓம் தேவை. மின்கலம் வைக்க இடமும், ஒயரைக் கழற்றியதும் மின்கலத்தைத் துண்டிக்கும் ஸ்டீரியோ ஜாக்கும் வேண்டும்.

அளவு

ஆறு தந்திக்கான பிக்கப் ஏழு தந்திக்குப் பொருந்தாது. ஓரத் தந்திகள் காந்தப் புலத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். ஏழு தந்திக்கானவற்றிலும் இரு வடிவங்கள் உண்டு. ஒன்று, இருபுறமும் திருகுக் காதுகள் நீட்டிய வழக்கமான ஹம்பக்கர். மற்றொன்று, சோப்புக்கட்டி போன்ற நீள்சதுரக் கூடு. இது ஆக்டிவ் வகைகளால் பரவியது. இன்று பாசிவ் பிக்கப்களும் இக்கூட்டில் கிடைப்பதால், 'ஆக்டிவ் அளவு' என்று எழுதியிருப்பது ஆக்டிவ் பிக்கப் என்று பொருள்படாது. மரக்குழியின் நீளம், அகலம், ஆழம், முதல் தந்திக்கும் ஏழாம் தந்திக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து தயாரிப்பாளரின் வரைபடத்துடன் ஒப்பிட வேண்டும். தந்திக்குத் தந்தி நீளம் மாறும் சாய்ந்த பிரெட் கித்தார்களில் பிக்கப்பின் சாய்வையும் பார்க்க வேண்டும்.

வீட்டு மின்சாரமும் இரைச்சலும்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 50, 100, 150 ஹெர்ட்ஸ் எனத் தொடரும். ஏழாவது தந்தியை 'ஜி' வரை தளர்த்தி வாசிப்போருக்கு அந்தச் சுரமே 49 ஹெர்ட்ஸ். தந்தியின் இரண்டாம் ஒத்திசை 98 ஹெர்ட்ஸும் மின்சாரத்தின் 100 ஹெர்ட்ஸும் மோதி, நொடிக்கு இருமுறை ஏறி இறங்கும் துடிப்பாகக் கேட்கக்கூடும்.

இதைத் தவிர்க்கவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் ஹம்பக்கரை உருவாக்கினார். அதில் காந்தத் திசையும் மின்திசையும் எதிரெதிரான இரு சுருள்கள் ரீங்காரத்தைத் தமக்குள் அழித்து, தந்தியின் ஒலியைக் கூட்டுகின்றன. ஒரு சுருளை மட்டும் இயக்கும் 'காயில் ஸ்பிளிட்' நிலையில் இப்பயன் கிடைக்காது. மின்வெட்டு நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் வாசித்தால் கூடுதல் ஒத்திசைகளுடன் இரைச்சல் கடுமையாகும். எர்த் இல்லாத பழைய வீட்டுப் பிளக்குகளின் குறையையும் எந்தப் பிக்கப்பும் தீர்க்காது. கித்தாரின் உட்குழியில் தாமிரத் தாள் ஒட்டுவதும், எர்த்தைச் சரிசெய்வதும் முதலில் செய்ய வேண்டியவை.

வெப்பமும் மெழுகும்

சுருள் தளர்ந்து அதிர்ந்தால் உயர்ந்த கெயினில் பிக்கப் கீச்சிடும். அதைத் தடுக்கப் பல பிக்கப்களை உருகிய மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். வீணையின் மெட்டுகளும் மெழுகில் பதிந்தவையே; வெயிலில் அது இளகினால் சுருதி கெடும் என்பதை வீணைக்காரர் அறிவர். மதுரையின் கோடையில் பூட்டிய காருக்குள் கித்தாரை விட்டுச்செல்வது பிக்கப்பின் மெழுகு, கழுத்து மரம் இரண்டுக்குமே நல்லதல்ல.

தேர்வு செய்யும் முறை

பணம் செலவழிக்கும் முன் செலவில்லாத வழிகளைச் செய்துபார்ப்பது நல்லது. பிக்கப்பைத் தாழ்தந்திப் பக்கம் சற்று இறக்குதல், ஏழாவது தந்தியைத் தடிமனானதாக மாற்றுதல், டிஸ்டார்ஷனுக்கு முன் தாழ்வொலியைக் குறைத்தல் ஆகியவை பல கித்தார்களில் கலங்கலைப் பெரிதும் நீக்கிவிடும். அதன் பிறகும் குறை இருந்தால் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் முதலில் மாற்றலாம்.

பொருத்தும்போது ஒயர்களின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரு பிக்கப்களையும் சேர்த்து ஒலிக்கும்போது ஒலி மெலிந்து கேட்டால், ஒன்றின் மின்திசை மாறியிருக்கிறது என்று அறியலாம். கழற்றிய பிக்கப்பைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்தால், புதியது பிடிக்காதபோது அதையே திரும்பப் பொருத்தலாம்.