985 என்பது எப்படித் தெரிந்தது?

பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி: முதலாம் ராஜராஜ சோழன் ஆட்சிக்கு வந்த ஆண்டு எது? 985 என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவி கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்கிறாள். அங்கேயும் 985 அவள் எதிரே வந்து நிற்கிறது. இந்த முறை ஆசிரியர் கேட்பது வேறு: "985 என்று நமக்கு எப்படித் தெரியும்?"

ராஜராஜனின் கல்வெட்டு எதிலும் அந்த எண் கிடையாது. கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டை எண்ணும் வழக்கம் அன்றைய சோழ நாட்டில் இல்லை. மன்னன் முடிசூடியதிலிருந்து எண்ணி "யாண்டு ஏழாவது", "யாண்டு இருபத்தைந்தாவது" என்று வெட்டிவிட்டுக் கல்தச்சர் போய்விட்டார். எதிலிருந்து ஏழாவது? கல் சொல்லவில்லை. ஆனாலும் பாடநூல் 985 என்று உறுதியாக அச்சிடுகிறது. இந்த இடைவெளியைக் கடந்த விதம், மனிதர்கள் கண்டுபிடித்த அருமையான வித்தைகளில் ஒன்று. வரலாற்றைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்கள் கற்றுக்கொள்வது அந்த வித்தையைத்தான்.

சுவரிலிருந்து வானத்துக்கு

முதல் வேலை சுவரில். கல்லைத் தூரிகையால் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டுகிறார்கள். பிறகு மையை ஒற்றினால் கல்லின் மேற்பரப்பு கறுப்பாகவும் எழுத்துகள் வெள்ளையாகவும் தாளில் பதிகின்றன. இதற்கு மைப்படி என்று பெயர். படி எடுத்தவுடன் படித்துவிட முடியாது. சோழர் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த இடத்தில் எது என்பதைச் சொல்லின் பொருளிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். எழுத்து நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உருமாறி வந்திருப்பதால், அதன் வடிவமே கல்வெட்டு ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று காட்டிவிடும். ஏறக்குறையத்தான். ஆண்டு வேண்டுமென்றால் வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி வேலூருக்கு அருகே திருவல்லத்தில், வில்வநாதேசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றில் இருக்கிறது. ராஜராஜனின் ஏழாவது ஆட்சியாண்டில் அளிக்கப்பட்ட கொடை ஒன்றை அது பதிவு செய்கிறது. கொடுத்த நாள் ஐப்பசி விஷு. அன்று பௌர்ணமி, ரேவதி நட்சத்திரம், சந்திர கிரகணம். கொடைக்குப் புண்ணியம் கூடட்டும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தார்கள். நமக்குத் துப்பு விட்டுச்செல்லும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது.

இந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். ஐப்பசி விஷு என்றால் சூரியன் துலா ராசிக்குள் நுழையும் நாள். பௌர்ணமி என்றால் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது மீன ராசியின் முடிவில் அல்லது மேஷத்தின் தொடக்கத்தில் நிற்க வேண்டும். மீனத்தின் முடிவில் இருக்கும் நட்சத்திரம் ரேவதி. ஆகக் கல்வெட்டு தன்னோடு தானே முரண்படவில்லை. பௌர்ணமி சூரிய மாதத்தின் அதே நாளுக்குத் திரும்பி வரப் பொதுவாக 19 ஆண்டுகள் பிடிக்கும். அப்படித் திரும்பும்போது கிரகணமும் சேர்ந்து வர வேண்டுமென்றால் வாய்ப்பு இன்னும் குறுகிவிடும்.

ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் இதைக் கணித்தார். கிடைத்த விடை 991, செப்டம்பர் 26.

இனி வருவது யாரும் போடக்கூடிய கணக்கு. அந்த நாள் ஏழாவது ஆட்சியாண்டுக்குள் இருக்கிறது. அப்படியானால் முதல் ஆண்டு 984 செப்டம்பர் இறுதிக்கும் 985 செப்டம்பர் இறுதிக்கும் நடுவில் என்றோ ஒரு நாள் தொடங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு கிரகணம் ஓராண்டு இடைவெளிக்குள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கிழமையும் திதியும் நட்சத்திரமும் தரும் மற்றக் கல்வெட்டுகள் அந்த இடைவெளியை மேலும் நெருக்கின. கடைசியில் எஞ்சியது ஒரு மாதம்: 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில்.

இத்தகைய கணக்குகளை ஒவ்வொருவரும் அடியிலிருந்து போட வேண்டாம் என்று தமிழர் ஒருவர் தம் உழைப்பைக் கொட்டினார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்த எல்.டி.சுவாமிக்கண்ணு பிள்ளை, 700 முதல் 1799 வரையிலான காலத்துக்குத் திதியையும் நட்சத்திரத்தையும் ஆங்கிலத் தேதியோடு பொருத்திக் காட்டும் மாபெரும் பஞ்சாங்கத்தை 1922-இல் வெளியிட்டார். கல்வெட்டுத் தேதி குழப்பும்போதெல்லாம் ஆய்வாளர்கள் புரட்டிய நூல் அது.

ஒரு தேதி இன்னொன்றைத் திறக்கிறது

985 கையில் கிடைத்ததும் மற்றக் கதவுகள் திறக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் தெளிவாக இல்லை. தலபுராணம் கரிகாலச் சோழன் பெயரைச் சொன்னது. 1886-இல் சென்னைக்கு அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ட்ஷ், கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அது ராஜராஜன் எடுப்பித்தது என்று நிறுவினார். விமானத்தின் உச்சியில் வைக்கும் செப்புக் குடத்தை மன்னன் தன் இருபத்தைந்தாம் ஆண்டின் 275-ஆம் நாள் கொடுத்ததாக அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது. முதலாம் ஆண்டு 985-இன் நடுவில் தொடங்கினால் இருபத்தைந்தாம் ஆண்டு 1009-இன் நடுவில் தொடங்கும். அதில் 275 நாள் கடந்தால் 1010-இன் வசந்த காலம். 2010-இல் தஞ்சை கொண்டாடிய ஆயிரமாவது ஆண்டு விழா இந்தக் கணக்கின்மேல்தான் நின்றது. திருவல்லத்துக் கிரகணத்துக்கும் தஞ்சையின் விழாவுக்கும் நடுவே அறுபடாத ஒரு சங்கிலி ஓடுகிறது.

சில இடங்களில் வெறும் கூட்டல் கணக்கு ஏமாற்றும். ராஜராஜனின் கல்வெட்டுகள் இருபத்தொன்பதாம் ஆண்டுவரை, அதாவது 1014 வரை வருகின்றன. அவன் மகன் ராஜேந்திரனோ தன் ஆட்சியாண்டை 1012-இலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டான். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில் சேர்த்துக்கொள்வது சோழர் வழக்கம். இதை அறியாமல் ஒவ்வொரு மன்னனின் ஆட்சியாண்டுகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் காலக்கணக்கே பிசகிவிடும். ஒரு சான்றை இன்னொரு சான்றோடு உரசிப் பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்று மாணவி கற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அதே கல், வேறு கேள்வி

எப்போது, யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் படிப்பு உண்மையில் ஆழமாகிறது. அதே தஞ்சைச் சுவரில் நானூறு பெண்களின் பட்டியல் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அழைக்கும் இவர்கள் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஆடல் மகளிர். ஒவ்வொருவருக்கும் பெயர், குடியிருந்த தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரம் உண்டு. தலைக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நானூறு பெண்களின் முகவரி நம்மிடம் இருக்கிறது!

ஆனால் அவர்கள் விரும்பி வந்தார்களா, விட்டுவந்த ஊரை நினைத்தார்களா என்று கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுதச் சொன்னவர் மன்னர், எழுதப்பட்டது கணக்கு. கோயிலுக்கு வரி வந்துசேர வேண்டிய ஊர்களின் நிலக் கணக்கையும் இதே சுவர்கள் சொல்கின்றன. வரி இல்லாத நிலம் என்று கழிக்கும்போது ஊர் நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறார்கள். சேரியில் வாழ்ந்த மனிதர்கள் இந்தக் கணக்கில் இடம்பெறுவது வரிக்கு ஆகாத நிலத்தின் அடையாளமாக மட்டுமே. அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அந்த வாசகத்தைப் படிக்கும் மாணவி அங்கே நின்றாக வேண்டும். சான்று எதைச் சொல்கிறது என்று அறிந்தவளுக்கு, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கும் கடமையும் வந்துசேர்கிறது.

இதற்கும் வழி தேடியவர்கள் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழறிஞர் எ.சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி, 1978-இல் பெயரடைவாக வெளியிட்டார்கள். தனித்தனியே பார்த்தால் ஏதோ ஒரு பெயர். ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஊர்வாரியாகவும் காலவாரியாகவும் பிரித்துப் பார்த்தால், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பது தெரியத் தொடங்குகிறது. மன்னர் புகழைச் சொல்ல வெட்டிய கல், அவர் சொல்ல நினைக்காத சமூகத்தின் கதையையும் சொல்லிவிடுகிறது.

"ஹிஸ்டரி படித்து என்ன ஆகப் போகிறது?" என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளையின் பிழைப்பைப் பற்றிய கவலை அது. மதிக்க வேண்டிய கவலை. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆசிரியப் பணி, அரசுத் தேர்வுகள், சட்டம், இதழியல் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே போகும் ஒன்றை இந்தப் படிப்பு தருகிறது. யாரேனும் கைபேசியில் ஒரு செய்தியை நீட்டி, "இது ஆயிரம் ஆண்டு பழமையானது, நம் முன்னோர் செய்தது" என்று சொன்னால், அவள் உடனே நம்புவதுமில்லை, உடனே ஏளனம் செய்வதுமில்லை. எந்தக் கல், யார் வெட்டியது, யாருக்காக, வேறெங்கே சான்று என்று கேட்பாள். பொய்யை நம்பி ஊர் இரண்டாகும் காலத்தில் இப்படிக் கேட்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது வேண்டும்.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போகும்போது விமானத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், கொஞ்சம் குனிந்து அடித்தளமான அதிட்டானத்தையும் பாருங்கள். வரிவரியாக எழுத்துகள் ஓடும். ஆட்சியாண்டும் நெல்லளவும் அவற்றில் இருக்கும். அந்த ஆட்சியாண்டு ராஜராஜனுடையதென்றால், அதோடு 984-ஐக் கூட்டிப் பாருங்கள். வரும் ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ அந்தக் கொடை நடந்திருக்கும். திருவல்லத்தில் நிலவு மறைந்த இரவை யாரோ ஒருவர் மறக்காமல் கல்லில் வெட்டிவைத்ததால், அந்தக் கூட்டலை இன்று நீங்களே போட முடிகிறது.