இரும்புக்கு வயது பதினைந்து, மென்பொருளுக்கு?

திருத்தணிப் பக்கத்தில் புது கார் எடுத்தவர்கள் முதலில் வண்டியை விடுவது தணிகை மலைக்குத்தான். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். சாவியை முருகன் காலடியில் வைத்து வாங்கிக்கொள்ளும்போது குடும்பத்தின் மனதில் ஒரு கணக்கு ஓடும்: பிள்ளைகள் படித்து முடிக்கிற வரைக்குமாவது வண்டி உழைக்க வேண்டும். நியாயமான ஆசைதான். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன் பிறகும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒழுங்காக ஆயில் மாற்றினால் எஞ்சின் அதுவரை தாங்கிவிடும். ஆனால் அந்த எஞ்சினை ஆட்டிவைக்கும் மென்பொருளை அதன் கம்பெனி எத்தனை ஆண்டு கவனித்துக்கொள்ளும் என்பது ஆர்.சி.யில் இல்லை.

இது எவ்வளவு புதிய கவலை என்பதை, திருத்தணி அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையே காட்டும். திருவள்ளூரை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராயின. அந்த ஆலை பின்னர் கைமாறி, 2021 முதல் சிட்ரோயன் கார்கள் அங்கிருந்து வருகின்றன. பெட்ரோல் லான்சரில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போட ஒரு கணினிப் பெட்டி இருந்தது. ஆலையில் எழுதிய நிரலோடு அது ரோட்டுக்கு வந்தது. வண்டி காயலான் கடைக்குப் போகிற வரைக்கும் அநேகமாக அதே நிரல்தான். இன்றைய காரில் பிரேக், ஏர்பேக், கியர், கதவுப் பூட்டு, பாட்டுப் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் ஈசியூ என்ற ஒரு கணினிப் பெட்டி. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கேன்' என்ற கம்பி வழியை பாஷ் நிறுவனம் 1986-ல் உலகுக்கு அறிமுகம் செய்தது. இத்தனை பெட்டிகளில் பிழையே இல்லாத நிரலை எழுதி அனுப்ப எவராலும் முடியாது. அதனால்தான் அப்டேட்.

அப்டேட் நடக்கும் விதத்தை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 பின்கள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். "ஸ்கேனர் போட்டுப் பார்த்துடலாம் சார்" என்று மெக்கானிக் சொல்வது இதில் மாட்டித்தான். நிரலை மாற்றும் வேலை என்றால், முதலில் பானெட்டைத் தூக்கி பேட்டரியோடு தனியாக ஒரு சார்ஜரை இணைக்கிறார்கள். வண்டியின் மின்னழுத்தம் வேலை முடியும்வரை இறங்கக் கூடாது. லேப்டாப் முதலில் ஈசியூவின் பழைய பதிப்பு எண்ணைப் படிக்கிறது. பிறகு நினைவகத்தை அழிக்கிறது. சிலேட்டில் பழைய எழுத்தை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும் என்பது போல, இந்த நினைவகத்திலும் ஒரு தொகுதியை முழுசாக அழித்த பிறகே எழுத முடியும். அழித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவில் மின்சாரம் போனால் எஞ்சினுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அதனால் தொடக்க நிரல் என்ற சின்னத் துண்டை மட்டும் யாரும் தொடாமல் விட்டுவைக்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொள்ள அது வழி விடும். கடைசியில் எல்லா எண்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, சரியாக இருந்தால்தான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அனுமதி.

அந்த நினைவகத்துக்குள் இன்னும் ஆழமாகப் போனால் வியப்பு கூடும். அங்கே ஒரு தகவல் துளி என்பது, சிலிக்கான் ஆக்சைடால் சுற்றிலும் அடைபட்ட நுண்ணிய அறையில் தங்கியிருக்கும் எலெக்ட்ரான்கள். மின்சாரம் இல்லாமலே வருடக்கணக்கில் அவை அங்கேயே கிடக்கும். அறைக்குக் கதவு கிடையாது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள சுவரை ஊடுருவித்தான் எலெக்ட்ரான்கள் உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன. குவாண்டம் இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஊடுருவலும் சுவரில் ஒரு சிறு சேதத்தை விட்டுச் செல்கிறது. அழித்து எழுதி, அழித்து எழுதி, ஒரு கட்டத்தில் அறையால் எலெக்ட்ரானைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். பிஸ்டன் ரிங் தேய்வது போலவே நினைவகமும் தேய்கிறது என்பதை நம்மில் பலரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

டெஸ்லாவில் இதுவே நடந்தது. 2012 முதல் 2018-ன் தொடக்கம் வரை வந்த மாடல் எஸ், 2016 முதல் வந்த மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி நினைவகம் இருந்தது. ஒவ்வொரு தொகுதியும் சுமார் 3,000 முறை அழித்து எழுதத் தாங்கும். கார் தன் செயல்களை ஓயாமல் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்ததால் ஐந்தாறு ஆண்டில் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. திரை இருண்டது, அதோடு ரிவர்ஸ் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் கட்டுப்பாடும் போயின. மோட்டாரும் பேட்டரியும் நன்றாகவே இருந்தன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பிறகு, 2021-ல் ஏறக்குறைய 1.35 லட்சம் கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது.

அப்டேட் சட்டக் கட்டாயமாகவும் மாறும். புகைச் சோதனையில் ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களுக்கு 2015-ல் ஜெர்மனி அதைத்தான் செய்தது. புது நிரலை ஏற்றிக்கொள்ளாத சில கார்களின் பதிவு 2018-ல் ரத்தானது. எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தும் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. இந்தியாவிலும் அந்தக் குழுமம் 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் திருத்தித் தருவதாக அறிவித்தது.

நம் சட்டத்தில் என்னை மிகவும் உறுத்தும் எண் ஏழு. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பாதுகாப்புக்கு ஆபத்தான குறை வண்டியில் இருந்தால் அரசு அதைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். அந்தக் குறை மென்பொருளில் இருந்தாலும் விதி பொருந்தும். இது நல்ல முன்னேற்றம். ஆனால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. ஆர்.சி.யின் காலத்தில் பாதிகூட முடியவில்லை. எட்டாவது ஆண்டில் பிரேக் நிரலில் ஒரு பிழை தெரியவந்தால் அதைத் திருத்தித் தருவது கம்பெனியின் மனசைப் பொறுத்தது. இது தவறு. ரோட்டில் ஓட எத்தனை ஆண்டு அனுமதியோ, பாதுகாப்பு தொடர்பான அப்டேட்டும் அத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும்.

கம்பெனியே கடையைக் கட்டினால்? ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னபோது, மறைமலை நகரில் உருவான எக்கோஸ்போர்ட்டை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பயம் உடனே வந்தது. சர்வீஸ் தொடரும் என்று கம்பெனி உறுதி சொன்னது. இருந்தாலும் விவரம் தெரிந்த பலர் 'ஃபோர்ஸ்கேன்' என்ற வெளி மென்பொருளைக் கொண்டு தங்கள் வண்டியைத் தாங்களே படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அது எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

ஆகவே வண்டியின் மென்பொருளைத் திறக்கும் சாவி ரோட்டோரப் பட்டறை மெக்கானிக்கிடமும் இருக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சில கம்பெனிகளின் மேல்முறையீட்டில் அபராதம் குறைந்தது. தவறு தவறுதான் என்பது நின்றது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைத் தளத்திலும் வாகனங்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் தளம் தகவல் தரும், கட்டாயப்படுத்தாது. சட்டம் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பழைய வண்டி வாங்குவதானால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் அல்லது அப்டேட் இருக்கிறதா என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். புது வண்டி என்றால், மைலேஜும் கலரும் கேட்பதோடு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடத்துக்குத் தருவீர்கள் என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.