கன்றை வளர்க்கும் பிள்ளை கணக்கும் எழுதட்டும்



நமது லயங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. பெரட்டுக்குப் போகுமுன் பால் கறந்து அனுப்பிவிட்டு, பின்னேரம் கொழுந்து நிறுத்து வரும்போது தலையில் ஒரு கட்டுப் புல்லோடு வரும் தாய்மாரை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அந்தப் புல்லைப் போடுவது, சாணி அள்ளுவது, கன்றை அவிழ்த்துக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. ஆனால் மாடு யாருடையது என்று கேட்டால், அப்பாவுடையது என்பார்கள். விற்கும்போது பிள்ளையிடம் ஒரு சொல் கேட்பது நம்மிடம் வழக்கமில்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு காளைக்கன்றைப் பிறந்த நாள் முதல் வளர்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத் தரகர் வந்தார். கண்ணால் பார்த்தே ஒரு விலை சொன்னார். வீட்டிலே அவசரச் செலவு, பேரம் முடிந்துவிட்டது. பையன் திரும்பி வந்தபோது கட்டியிருந்த முளை மட்டும்தான் இருந்தது. இரண்டு நாளாக அவன் சாப்பிடவில்லை என்று தாய் எங்களிடம் வந்தார். "மாடு போச்சேன்னு அழல சார், நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னுதான் அழுவுறான்" என்றார். மாடு எத்தனை கிலோ இருந்தது என்று கேட்டோம். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளையே மாட்டுக்குச் சொந்தக்காரனாக இருந்து, வளர்த்து, கணக்கு எழுதி, ஊர் முன்னால் காட்டி விற்கும் வழக்கம் ஒரு நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதைப்பற்றி இம்முறை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஃபோர்-எச் என்ற கழகம் உண்டு. தலை, இதயம், கைகள், ஆரோக்கியம் ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். நான்கு இலை கொண்ட ஒரு பச்சைக் கொப்பு அதன் சின்னம். 1902ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக்கூட அதிகாரி பையன்களையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்து ஒரு விவசாயக் கழகம் தொடங்கினார். இந்த இயக்கத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். 1914இல் வந்த ஒரு சட்டத்தினால் பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவாக்கப் பிரிவுகள் இத்தகைய கழகங்களை நாடு முழுவதும் நடத்த வழி பிறந்தது. இங்கிலாந்திலும் 1921இல் டெவன் பகுதியில் ஹெமியொக் என்ற ஊரில், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்று கொடுத்து வளர்க்க வைத்துத்தான் முதல் இளம் விவசாயிகள் கழகம் ஆரம்பமானது.

இறைச்சி மாடு வளர்ப்பது அமெரிக்கப் பிள்ளைகளின் பெரிய திட்டங்களில் ஒன்று. எட்டு, ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வரையுள்ள பிள்ளைகள் இதில் சேர்கிறார்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காயடித்த ஒரு இளங்காளையை வாங்குவார்கள். அங்கஸ், ஹெர்ஃபோர்ட், ஷோர்ட்ஹோர்ன் போன்ற இனங்கள் அல்லது அவற்றின் கலப்பு. வாங்கும்போது கன்றுக்கு ஆறு முதல் எட்டு மாத வயது, ஏறத்தாழ 550 றாத்தல், அதாவது 250 கிலோ இருக்கும். அதை நிறுத்து, காதில் இலக்கம் குத்திப் பதிவு செய்வார்கள். இடையில் வேறு மாட்டை மாற்றிக் கொண்டு வர முடியாது.

பிறகு ஒவ்வொரு நாளும் வேலைதான். விடியுமுன் தீனி, பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடி தீனி. முதலில் தலைக்கயிறு போட்டுக் கொஞ்ச நேரம் கட்டிப் பழக்குவார்கள். பின் தண்ணீர் குடிக்கும் இடம் வரை நடத்திப் போவார்கள். தண்ணீரை நோக்கிப் போகும்போது மாடு முரண்டு பிடிக்காது. இழுத்து அடித்துப் பழக்கினால் அது மனுஷனைக் கண்டாலே மிரளும். தினமும் தூரிகையால் உடம்பைத் தேய்ப்பதும், குளிப்பாட்டுவதும் மாட்டை அழகாக்குவதற்கு மட்டுமல்ல, பிள்ளையின் கைக்கு மாடு பழகுவதற்கும்தான்.

நல்ல தீனியில் ஒரு நாளைக்குச் சுமார் 3 றாத்தல் ஏறும். 250 நாளில் 750 றாத்தல். கோடை காலத்துக் கண்காட்சிக்கு வரும்போது மாடு 1,300 றாத்தல், ஏறத்தாழ 590 கிலோ ஆகிவிடும். ஒரு றாத்தல் எடை கூட ஆறேழு றாத்தல் தீனி போகிறது. தீனி விலை, மருந்துச் செலவு, வாங்கிய விலை எல்லாம் பிள்ளை தன் கொப்பியில் எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் சில வருடங்களில் நட்டம்தான் வரும். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

கண்காட்சி நாள்

ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு கண்காட்சி உண்டு, அதற்கு மேல் மாநிலக் கண்காட்சி. 1854இல் தொடங்கிய அயோவா மாநிலக் கண்காட்சி அவற்றில் பேர்போனது. பிள்ளை ஒரு கையில் கயிறும் மறு கையில் நீண்ட கோலுமாக மாட்டை நடத்தி வருவான். அந்தக் கோல் அடிப்பதற்கு அல்ல. மாட்டின் கால்களைச் சரியாக வைக்கச் செய்யவும், வயிற்றைச் சொறிந்து அமைதிப்படுத்தவும்தான். நடுவர் எலும்புக் கட்டு, நடை, சதைப்பிடிப்பு, விலாவின் மேலுள்ள கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துவார்.

இன்னொரு போட்டியும் உண்டு. அதில் மாட்டுக்குப் புள்ளி இல்லை, பிள்ளைக்குத்தான் புள்ளி. மாட்டை எப்படி நடத்துகிறான், கேட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறான் என்று பார்ப்பார்கள். பணக்காரப் பிள்ளை விலை கூடிய கன்றை வாங்கிவிடலாம், ஆனால் இந்தப் பரிசைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கடைசியில் ஏலம். உள்ளூர்க் கடைக்காரர்களும் கம்பனிகளும் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்குவார்கள். அந்தக் காசைப் பல பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சேர்த்து வைக்கிறார்கள்.

இதில் கஷ்டமும் உண்டு

ஏலம் முடிந்தால் மாடு இறைச்சிக்குப் போகும். அது பிள்ளைக்கு முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தும் கயிற்றைக் கையளிக்கும்போது மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள் அங்கேயும் உண்டு. வளர்த்த உயிரை இப்படிக் கொடுக்கப் பழக்குவது சரியா என்று அந்த நாட்டிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை தெரிந்து வளர்ப்பதே நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பரிசு ஆசையில் களவும் நடந்தது. 1994இல் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில், முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டுப் பரிசு மாடுகள் பல தகுதி இழந்தன. அதன் பின் சோதனைகள் இறுக்கமாயின. மருந்து கொடுத்த மாட்டை, அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும் நாள் வரை விற்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போது பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசி, பொட்டு வைத்துக் கும்பிடும் வீடுகள் நம்முடையவை. இறைச்சிக்கென்று மாடு வளர்க்கும்படி நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் எல்லாப் பிள்ளையும் அப்படி வளர்ப்பதில்லை. கிடேரிக் கன்றை வளர்த்துக் காட்டி, வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பாலுக்கு வைத்துக் கொள்பவர்களும் உண்டு. நமக்கு ஏற்றது அந்த வழிதான். அதற்கு நான்கு விஷயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒரு கன்றைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். விற்க வேண்டிய நிலை வந்தால் முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனால் மாட்டைச் சாட்டி ஒரு நாளும் பள்ளிக்கூடத்தை நிறுத்தக்கூடாது.

இரண்டு: கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் சுமார் 3 லீற்றர் தேவை. கன்றுக்கு நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. அதைக் கறந்து பலகாரம் செய்துவிட்டுக் கன்றைக் காய விடாதீர்கள்.

மூன்று: ஒரு கொப்பி வையுங்கள். பிறந்த திகதி, புண்ணாக்குச் செலவு, ஊசி போட்ட நாள், சினைக்கு விட்ட நாள் எல்லாம் எழுதட்டும். ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை வைத்தியர் சொன்ன நாள் முடியும் வரை விற்கவும் வேண்டாம், பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நான்கு: எடையைத் தெரிந்து கொள்ளுங்கள். தராசு வேண்டாம், தையல் நாடா போதும். நாடா எட்டாவிட்டால் கயிற்றால் அளந்து பிறகு நாடாவில் பிடியுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் எடை ஏறத்தாழ 217 கிலோ. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் கண்ணால் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

அந்தப் பையனின் தாய் அடுத்து ஈன்ற கிடேரியை அவன் பொறுப்பிலேயே விட்டார். நாங்கள் ஒரு கொப்பி கொடுத்தோம். பின்னொரு முறை தரகர் வந்து விலை சொன்னபோது, பையன் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினானாம். அன்றைக்கு அந்த மாடு விலை போகவில்லை. இப்போது அந்த வீட்டில் பால் கறக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் கன்று இருந்தால், நாங்கள் லயத்துக்கு வரும்போது பிள்ளையிடம் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். நாடாவை நாங்கள் கொண்டு வருகிறோம்.